தலைக்காசில் எங்கள் பங்கு எங்கே?

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
தனிநபர் தரவுப் பாதுகாப்புத் துறை, மலேசியா.

பொருள்: கங்காணிக்கு மறுவாழ்வு தந்தமைக்கு நன்றி

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களே,

தோட்டத்துக் கங்காணியின் காலம் முடிந்துவிட்டது என்று பண்டார் தெங்காராவில் நாங்கள் நிம்மதியாக இருந்தோம். விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, யார் வந்தார், யார் வரவில்லை என்று செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் ஏற்ற வைத்தவர் அவர். இப்போது எங்கள் கைப்பேசிக்குள் குடிவந்திருக்கிறார். பெயர் குக்கி; இணையத் தளங்கள் நம் கருவியில் வைத்துவிட்டுப் போகும் சிறு குறிப்பு. குடை கேட்பதில்லை, தூங்குவதும் இல்லை.

குக்கிகள் எல்லாமே கங்காணிகள் அல்ல என்பது எனக்குத் தெரியும். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொண்டுல்லி இதை உண்டாக்கியபோது, வாடிக்கையாளர் எடுத்து வைத்த பொருளை இணையக் கடை மறக்காமல் இருப்பதற்குத்தான் வழி தேடினார். நாம் போன தளமே வைக்கும் குக்கி இல்லையென்றால், வங்கித் தளம் பக்கத்துக்குப் பக்கம் கடவுச்சொல் கேட்கும். என் நன்றி, கூடவே நுழையும் மூன்றாம் ஆளுக்கு. செய்தித் தளத்திலும் மருந்துத் தளத்திலும் ஒரே விளம்பர நிறுவனம் குக்கி வைத்திருக்கும். இரவில் சர்க்கரை மாத்திரை விலை பார்த்தவருக்குக் காலைச் செய்தியோடு இரத்தச் சர்க்கரைக் கருவி வந்து நிற்கும். தோட்டம் பல, செக்ரோல் ஒன்று!

தங்கள் 2010ஆம் ஆண்டுச் சட்டம் சம்மதத்தைத் தூணாக வைத்திருக்கிறது. தளங்களும் பணிவாகச் சம்மதம் கேட்கின்றன. ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்பது கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் பளிச்சென்று இருக்கும். மறுக்கும் வழியோ மூன்று பக்கம் தள்ளி, சாம்பல் நிறத்தில். அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது 7ஆம் பிரிவு. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த எங்கள் பாட்டிகள் இரண்டு மொழியிலும் சம்மதம் கொடுத்துவிடுகிறார்கள். இவ்வளவு ஒற்றுமையை நான் எந்தத் தேர்தலிலும் கண்டதில்லை.

2024 திருத்தத்தில், தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறுவதற்கான உச்ச அபராதத்தை 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக்கினீர்கள். குக்கியைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. விருந்தாளியைப் பெயர் சொல்லி அழைப்பது மரியாதையல்ல என்று விட்டிருப்பீர்கள். மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்னும் 3ஆம் பிரிவையும் மதிக்கிறோம். துரை வீட்டில் பெரட்டு எடுக்கும் வழக்கம் அந்தக் காலத்திலும் இல்லை.

பிரான்சுக்காரர்களுக்குத்தான் இந்தப் பண்பு தெரியவில்லை. ஏற்பது எவ்வளவு எளிதோ மறுப்பதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டுமாம். அப்படி இல்லை என்று 2022 ஜனவரியில் கூகுளுக்கு 150 மில்லியன் யூரோவும் ஃபேஸ்புக்கிற்கு 60 மில்லியன் யூரோவும் அபராதம் அறிவித்தார்கள். உலாவிகளில் சஃபாரியும் ஃபயர்ஃபாக்ஸும் பின்தொடரும் குக்கிகளை, யாரும் கேட்காமலே வாசலில் மறிக்கின்றன. குரோமோ மனிதாபிமானி. மூன்றாம் ஆளை வெளியேற்றுவதாக 2020இல் சொல்லி, தவணை மேல் தவணை வாங்கி, 2024 ஜூலையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்றது.

ஒரு புகாரும் உண்டு. எங்களூர் இளைஞர்கள் சிலர் குரோம் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியைத் திறந்து, மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுத்துவிடுகிறார்கள். பழையவற்றையும் துடைத்தெடுக்கிறார்கள். இரண்டு நிமிட வேலை. பாட்டிகளுக்கும் செய்து கொடுக்கிறார்கள். தங்கள் துறை செய்யாததை இவர்கள் செய்வது அதிகப்பிரசங்கித்தனம் அல்லவா?

கடைசியாகக் கூலிக் கணக்கு. வேலைக்கு வந்த ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. இன்று ஒரு பக்கம் திறக்கும் கணத்திலேயே எங்கள் கண்ணுக்கு விளம்பர ஏலம் நடந்து முடிகிறது. எங்கள் கூலாய் மாவட்டத்தில், கூலாய் யங் தோட்டத்துச் செம்பனை நிலத்திலேயே தரவு மையங்கள் எழுந்துவிட்டன. செக்ரோல் வைக்க இடப் பஞ்சமும் இல்லை. ஆகவே தலைக்காசில் பாதியை எங்களுக்குப் பிரித்துத் தரவும். முடியாதென்றால், ‘மறுக்கிறேன்’ என்ற பொத்தானை ‘ஏற்கிறேன்’ அளவிலேயே, அதன் பக்கத்திலேயே, தமிழிலும் வைக்கச் சட்டம் செய்யவும்.

இவ்வளவு தூரம் படித்ததால் என் கோரிக்கைகள் அனைத்துக்கும் தாங்கள் சம்மதித்ததாகக் கருதப்படும். மறுக்க விரும்பினால் 14 பக்கப் படிவம் ஒன்று உள்ளது. அது தமிழில் மட்டுமே கிடைக்கும்.

இப்படிக்கு,
செக்ரோலில் நிரந்தரமாக இடம்பெற்ற
பண்டார் தெங்காராவாசி