படுகை அணை மீன்சட்டியும் சிபியு முறைவைப்பும்: ஓர் ஒப்பாய்வு

1. முன்னுரை
காவிரியிலிருந்து ராஜா வாய்க்கால் பிரியும் ஜேடர்பாளையத்துக்கு வருவோர் அணை பார்க்க வந்ததாகச் சொல்வர். மீன் வறுவலுக்கே வருகின்றனர் என்பது இவ்வாய்வாளரின் துணிபு (சான்று: இவ்வாய்வாளர்). ஒரு ஞாயிறு மதியம்; ஓர் அடுப்பு, ஒரு சட்டி (கணினிக்கு ஒரு சிபியு போல). வேன் கூட்டத்தின் மீனுக்கு 24 நிமிடம், ஒரு தம்பதிக்கு 3, எனக்கு 3. இவை கடையில் அளந்தவை அல்ல. அளந்தால் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடநூலில் பிறந்து, ரெக்கார்டு நோட்டு விட்டு ரெக்கார்டு நோட்டு தாவி வாழ்பவை. காப்பியடித்த மாணவரைத் திருத்தும் ஆசிரியரும் அதையே காப்பியடித்துத் தேறியவர். ஆகவே இதனை 'மரபு' எனல் தகும்.

2. முந்தி வந்தோர் முறை
வேன் முந்திவிட்டால் தம்பதி 24 நிமிடம், நான் 27 நிமிடம் காக்க வேண்டும். சராசரி 17. நெடிய வேலையின் பின்னே சிறு வேலைகள் தேங்குவது 'கான்வாய் எஃபெக்ட்'. ஒற்றை வேனுக்கும் பொருந்தும்.

3. குறுவேலை முறை
சிறியது முதலில். சராசரி 3. ஆனால் எவர் வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். தெரிந்தவர் மீன் வறுக்க மாட்டார், கிளி வளர்ப்பார்.

4. முன்னுரிமை முறை
கடைக்கார அக்காவின் கொழுந்தன்.

5. ரவுண்ட் ராபின் முறை
ஆளுக்கு 4 நிமிடம். வேகாவிட்டால் மீனை எடுத்து வரிசையின் கடைசிக்கு அனுப்ப வேண்டும். சராசரி 5 நிமிடம் 40 விநாடி. இங்கேதான் அறிவுலகம் பிளவுபடுகிறது: தட்டில் கிடக்கும் அரைவேக்காட்டுக் கெண்டை காத்திருக்கிறதா, ஆறுகிறதா? காத்திருக்கிறது என்பது முதற்கட்சி (காண்க: அண்ணன் மகனின் சி புரோகிராம், செமிகோலன் விட்டுப்போன வரி). ஆறுகிறது என்பது எதிர்க்கட்சி (காண்க: என் மனைவி, வாய்மொழி, சமையலறை, நேற்றிரவு, திருத்திய இரண்டாம் பதிப்பு, அதே இரவு, கூடுதல் சத்தத்துடன்). மீன் காத்திருக்கிறது, எண்ணெய் ஆறுகிறது என்பது சமரசக் கட்சி (காண்க: மளிகைச் சிட்டை, பின்பக்கம், எண்ணெய்க் கறைக்கு இடப்புறம், கறையின் காலம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு). ஒன்றை எடுத்து இன்னொன்றைப் போடும் நேரம் 'கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச்'. ரெக்கார்டு நோட்டில் அதன் மதிப்பு பூஜ்ஜியம். ஆளுக்கான நேரத்தை அரை நிமிடமாகக் குறைத்தால் எடுப்பதும் போடுவதும்தான் நடக்கும், மீன் வேகாது. புரோகிராமில் மட்டும் பதமாக வெந்தது.

6. பட்டினி
முன்னுரிமையற்ற வேலை காத்தே கிடப்பது 'ஸ்டார்வேஷன்'. மீன் கடையில் இது உவமை அல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1973இல் ஐபிஎம் 7094 கணினியை நிறுத்தியபோது, 1967இல் கொடுத்த வேலை ஓடாமலே கிடந்ததாம். வதந்தி என்று சொல்லிக்கொண்டே பாடநூல் அச்சிடும் செய்தி இது. நான் சொன்னால் புரளி, பேராசிரியர் சொன்னால் மேற்கோள். இதற்கு மருந்து 'ஏஜிங்': காத்திருக்கக் காத்திருக்க முன்னுரிமை கூடும். எனக்கு நரைதான் கூடியது.

7. முடிவுரை
அன்று அண்ணன் மகன் கடை பெஞ்சிலேயே லேப்டாப்பை விரித்து, இத்தனையையும் ஓட்டி அட்டவணை போட்டான். எட்டிப் பார்த்த அக்கா, "ஏங்கண்ணு, ஒரே சட்டின்னு ஆரு சொன்னா?" என்றபடி பக்கத்து அடுப்பைப் பற்ற வைத்தார்.

வேன் 0, தம்பதி 0, நான் 3. சராசரி 1. அட்டவணையில் அதற்குக் கட்டம் போட்டிருக்கவில்லை.