பருந்துக் கூட்டமும் மனிதக் கூட்டமும்

கேள்வி: மார்ச் மாதத்தில் பருந்து பார்க்கத் தஞ்சோங் துவானுக்குச் சென்றால் மனிதத் தலைகளையே அதிகம் காண்கிறேன், ஐயா. கூட்டமில்லாத இடம் உண்டா?
(வாசகர், தஞ்சோங் கிளிங்)

பதில்: இடத்தை மாற்றாதீர்கள், அன்பரே, நாளையும் நாழிகையையும் மாற்றுங்கள். போர்ட் டிக்சன் அருகே நெகிரி செம்பிலானால் சூழப்பட்டிருந்தும் நம் மலாக்காவுக்கே உரியதான அக்கானக முனைக்கு எதிரே நீரிணை சுமார் 38 கிலோமீட்டராகக் குறுகிவிடுவதாலும், நிலத்தின்மேல் எழுவதைப்போல் வெப்பக் காற்று கடலின்மேல் எழாமையால் சிறகை விரித்தபடியே மிதந்து செல்லும் தேன்பருந்து முதலிய பறவைகள் நீண்ட கடற்பிரயாணத்துக்கு அஞ்சுவதாலும், தெற்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடதிசை ஏகும் அவை, சுமத்ராவை ஒட்டிய ரூப்பாட் தீவிலிருந்து புறப்பட்டு இங்கேயே கரையேறுகின்றன. இயற்கை அமைத்த இந்தப் பிரவேச வாயிலுக்கு ஈடாக வேறோர் இடத்தை நான் எங்கே தேடித் தருவேன்?

மலேசிய இயற்கைக் கழகம் பருந்து விழா நடத்தும் வார இறுதியில்தான் அங்கே ஜனசமுத்திரம். பருந்துகளோ அழைப்பிதழைப் பார்த்து வருவனவல்ல, மார்ச் முழுவதும் வந்துகொண்டே இருப்பவை. ஆகவே வார நாளொன்றில், காலை நடைக்கு வந்தோர் வெயிலுக்கு அஞ்சி வீடு திரும்பிய பின், பதினொரு மணிக்குமேல் கலங்கரை விளக்கத்தருகே நின்று மேற்கே கடலை நோக்குங்கள். வெயில் ஏறினால்தான் பருந்தும் ஏறும். தொப்பி, தண்ணீர், தொலைநோக்கி மூன்றும் போதும். உணவுப் பொட்டலத்தை மட்டும் காட்டில் எறிந்துவிட்டு வராதீர்கள்.