கேளுங்க, சொல்றேன்: ஆர்.கே.பேட்டை வாசகர்கள்

கே: குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். புத்தகத்தைத் திறந்ததும் அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைக்கத்தான் முதலில் கை போகிறது. (பட்டதாரி மாணவி)

ப: தேர்வறையில் மூன்று மணி நேரம், 200 கேள்வி. 'எத்தனை பேர் பார்த்தார்கள்?' என்று அதில் ஒரு கேள்விகூட வராது, தங்கச்சி. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உட்காருங்கள். தேர்ச்சிப் பட்டியல் வரும் நாளில் ஸ்டேட்டஸை ஊரே வைக்கும்.

கே: பக்கத்து வீட்டில் காதுகுத்துக்குப் பெரிய மண்டபம் பிடித்து அமர்க்களப்படுத்திவிட்டார்கள். மகள் படிப்புக்குச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. அதை எடுத்து நானும் அப்படிச் செய்யலாமா? (விசைத்தறி நெசவாளர்)

ப: கூடவே கூடாது அண்ணே. பாவில் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போடுவீர்களா, வாசலில் போகிறவர் நம்மைப் பார்க்கிறாரா என்று எட்டிப் பார்ப்பீர்களா? விருந்து சாப்பிட்டவர்கள் மறுவாரம் வேறு பந்தியில் இருப்பார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அவர்களில் யாரும் வந்து நிற்கப் போவதில்லை.

கே: புகழைப் பார்க்காமல் வேலையைப் பார்த்தவர் நம் பக்கத்தில் யாராவது உண்டா? (பள்ளி ஆசிரியர்)

ப: உங்கள் தொழிலிலேயே உண்டு, ஐயா. மங்கலங்கிழார். அரக்கோணம் பக்கத்துக் குருவராயப்பேட்டையில் தங்கி, சுற்றுவட்டார ஊர்களுக்குப் போய்ப் போய்த் தமிழ் சொல்லிக்கொடுத்தார். காசு வாங்கவில்லை. அவரிடம் படித்தவர்கள் புலவர் தேர்வு எழுதித் தமிழாசிரியர் ஆனார்கள். இந்த எல்லைப் பகுதியில் தமிழ் படிக்க வழியில்லாமல் போகக்கூடாது என்ற ஒரே நினைப்பு அவருக்கு. திருத்தணி போன்ற எல்லை ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்க நடந்த வடக்கெல்லைப் போராட்டத்துக்குத் தமிழறிஞர் ம.பொ.சி.யை அழைத்து வந்ததும் அவர்தான். பேர் ம.பொ.சி.க்குத்தான் அதிகம் சேர்ந்தது. மங்கலங்கிழார் 1953-ல் மறைந்தார். ஆந்திராவில் இருந்த திருத்தணி நம் மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1-ந் தேதி. அந்த நாளை அவர் பார்க்கவில்லை. ஆனால் அவர் தயார் செய்த ஆசிரியர்கள் இங்கே பிள்ளைகளுக்கு 'அ' போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பெயரை நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் விட்டிருக்கிறோமே என்று எனக்கு ஆறவே இல்லை. நாளைக்கு வகுப்பில் நீங்களாவது சொல்லுங்கள்.

கே: அப்படியென்றால் பாராட்டே வேண்டாமா? மனசு ஏங்குகிறதே! (கல்லூரி மாணவர்)

ப: ஏங்கட்டும் தம்பி, தப்பே இல்லை. யாரிடம் என்பதுதான் கேள்வி. சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன் 1913 ஜனவரியில் தன் கணக்குகளைக் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு அனுப்பினார். சரியா தப்பா என்று பார்க்கத் தெரிந்தவர் ஹார்டி. உங்கள் வேலையில் குறை கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அவர் 'நல்லா இருக்கு' என்று சொன்னால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கலாம்.

கே: விசேஷத்துக்குப் போனால் 'இன்னும் வேலை கிடைக்கலையா?' என்று உறவினர்கள் குடைகிறார்களே? (வேலை தேடும் இளைஞர்)

ப: நம் ஊரில் இதைத் தமிழிலும் கேட்பார்கள், தெலுங்கிலும் கேட்பார்கள். தமிழில் கேட்டால் 'படிச்சிட்டிருக்கேன் மாமா'. தெலுங்கில் கேட்டால் 'சதுவுதுன்னானு மாமா'. அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பாயசத்தை மட்டும் விடாமல் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேருங்கள்.