நடக்காத வாழ்க்கையை நடத்துவது எப்படி?

பதினாறாம் நாள் காரியம் முடியட்டும். வாடகைக்கு எடுத்த அண்டாவும் நாற்காலியும் திரும்பிப் போகட்டும். அதுவரை பொறுங்கள். பந்தலில் உட்கார்ந்திருக்கும் பங்காளிகள் இதே வேலையை உங்களைவிடச் சத்தமாகச் செய்துகொண்டிருப்பார்கள். "அன்னைக்கு அந்த லோடு மட்டும் ஏத்தாம இருந்திருந்தா..." என்று ஆளுக்கொரு திசையில் வண்டியைத் திருப்புவார்கள். பந்தலைப் பிரித்த பிறகு அந்த வண்டி முழுக்க உங்களுக்கே சொந்தம்.

எந்த இடத்தில் திருப்புவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஜீவா 2001-ல் எடுத்த ‘12பி’ படத்துக்கு ஒரு பஸ் போதுமானதாக இருந்தது. பிடித்தால் ஒரு வாழ்க்கை, விட்டால் இன்னொன்று. லாரியை நம்பிப் பிழைக்கும் சங்ககிரியில் நமக்கு டீக்கடை போதும். பைபாஸில் இன்னும் பத்து நிமிடம் நின்று இன்னொரு டீ குடித்திருந்தால், எதிரே வந்த வண்டி தன் வழியில் போயிருக்கும். காரணம் இப்படிச் சின்னதாகவே இருக்கட்டும். தேய்ந்த டயர், மூன்று ராத்திரி மூடாத கண், தவணைக்காக ஓடிய ஓட்டம் இவற்றின் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். அங்கே போனால் வண்டி முதலாளியைக் கேள்வி கேட்க வேண்டி வரும். அவர் சொந்தக்காரர், காரியத்துக்கு அரிசி மூட்டை இறக்கியவர்.

கை நடுங்குகிறவர்கள் பழைய சாவில் பழகிக்கொள்ளலாம். ஆடிப் பதினெட்டு அன்று சங்ககிரிக் கோட்டை அடிவாரத்துக்கு வாருங்கள். தீரன் சின்னமலையைக் கும்பெனிக்காரர்கள் 1805-ல் தூக்கிலிட்டது இந்தக் கோட்டையில்தான். மாலை போட வந்த கூட்டத்தில் சற்று நேரம் நின்றால் போதும். சமையல்காரன் காட்டிக்கொடுத்தான் என்பது ஊரில் வழங்கும் கதை. அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்று ஒருவர் தொடங்குவார். இன்னொருவர் 1799-க்கே போய், சீரங்கப்பட்டணத்தில் திப்புவைப் பிழைக்க வைப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் வெள்ளைக்காரன் கப்பலேறிவிடுவான். யாருக்கும் தொண்டை அடைக்காது. இருநூறு வருஷமான சாவில் அந்த வசதி உண்டு.

உங்கள் வீட்டுச் சாவில் அது கிடையாது என்பதால், பிழைக்க வைத்த ஆளைப் பத்திரமாகக் கையாள வேண்டும். அவருக்குச் சர்க்கரை ஏறக் கூடாது, கடன் கூடாது. மகள் கல்யாணத்தில் சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நிற்க வேண்டும். சம்பந்தி வீட்டாரோடு முறைத்துக்கொள்ளக் கூடாது. இருந்த காலத்தில் எந்தக் கல்யாணத்தில் அவர் சண்டை போடாமல் சாப்பிட்டுவிட்டு வந்தார் என்று யாராவது கேட்டால், காது கேட்காதவர்போல இருந்துவிடுங்கள்.

இந்தக் கட்டத்தில் பெருமாள்முருகனைப் படிக்கவே கூடாது. பக்கத்துத் திருச்செங்கோட்டுக்காரர், அதனால் இன்னும் ஆபத்து. 2010-ல் வந்த ‘மாதொருபாகன்’, குழந்தையில்லாத காளி, பொன்னாவின் கதை. தேர்த் திருவிழா இரவுக்குப் பிறகு காளி என்ன ஆனான் என்று சொல்லாமலே நாவலை முடித்துவிட்டார். நம் ஆட்களிடம் கொடுத்திருந்தால் அடுத்த பக்கத்திலேயே அவனைச் சிரிக்க வைத்துத் தொட்டிலும் கட்டியிருப்பார்கள். இவரோ 2014-ல் தொடர்ச்சியாக இரண்டு நாவல்களைக் கொண்டுவந்தார். ‘ஆலவாயன்’ நாவலில் காளி இல்லை, ‘அர்த்தநாரி’யில் இருக்கிறான். இருக்கிறானே, பொன்னா நிம்மதியாக இருப்பாள் என்று ஆசையோடு பிரித்தால், அவளைத் தண்டிப்பதற்காகவே பிழைத்தவன்போல முகம் கொடுக்காமல் கிடக்கிறான். காளி இல்லாத நாவலில், ‘ஏன்டா இப்படிப் பண்ணினாய்’ என்ற ஆத்திரமும் சேர்ந்து வாழ்ந்த நாட்களின் நினைப்பும் மாறி மாறி அவளை அடிக்கின்றன. ஆனாலும் சுற்றியிருக்கும் பெண்கள் தாங்கிப் பிடிக்க, மெல்ல எழுந்து நடக்கிறாள். இரண்டில் எனக்கு அதுவே மேல். ஆனால் அடுத்தடுத்து இரண்டையும் படித்தவர்களுக்கு நம் செய்முறை பலிக்காது. பிழைத்து வருகிறவன் என்ன முகத்தோடு வருவான் என்ற சந்தேகம் தட்டிவிடும்.

பெருமாள்முருகனுக்கே அப்படி ஒரு சாவு வந்தது. ‘மாதொருபாகன்’ நாவலுக்குக் கிளம்பிய எதிர்ப்பில், 2015 ஜனவரியில், நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்துவந்த அவர், எழுத்தாளன் இறந்துவிட்டதாகத் தானே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவரைத் திரும்ப எழுதச் சொன்னது. அந்த ஆண்டே ‘பூனாச்சி’ வந்தது. தலைப்பில் இருப்பது ஒரு வெள்ளாடு. உங்கள் ஆளுக்காக நீதிமன்றம் ஏற எண்ண வேண்டாம். அங்கே எழுத்தாளர்களை மட்டும்தான் எழுப்புகிறார்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் கட்டிய வாழ்க்கையை, போனவரின் மனைவியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவரிடமும் ஒன்று இருக்கும். அதில் உங்கள் பங்கு வேறாக இருக்கும். "மாப்ள மட்டும் இருந்திருந்தா..." என்று நீங்கள் பெருமூச்சு விடும்போது, மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே சொல்வார்:

"ஆமாங்கண்ணா. அவங்க இருந்திருந்தா, உங்களுக்குக் குடுத்த கைமாத்த இந்நேரம் கேட்டு வாங்கியிருப்பாங்க."