நாலு மில்லிமீட்டருக்கு ஓர் அடி!

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் ஒரே எஞ்ஜினைப் பற்றி. பிரிட்டனின் 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்' நீராவி எஞ்ஜினின் மாடல் அசலை உரித்து வைத்தாற்போல் இருக்கிறதா, இல்லையா? சினிமா, அரசியல் கேள்விகள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளட்டும். சிக்னல் விழுந்துவிட்டது, புறப்படலாம்.

வாசகர், பொன்மலை: மாடல் ரயில் என்பதே ஒரு பொம்மை. அதில் போய்த் துல்லியம் பார்க்க வேண்டுமா?

பொம்மை கீழே விழுந்தால் குழந்தை அழும். மாடல் கீழே விழுந்தால் அப்பா அழுவார். இரண்டும் வேறு சரக்கு.

கல்லூரி மாணவர், கோவை: ஹெச்ஓ, ஓஓ என்கிறார்களே, என்ன வித்தியாசம் சார்?

ஹெச்ஓ என்றால் அசலில் 87-இல் ஒரு பங்கு. ஓஓ என்றால் 76-இல் ஒரு பங்கு, அதாவது ஓர் அடிக்கு 4 மி.மீ. வேடிக்கை என்னவென்றால், இரண்டும் ஓடுவது ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்தில். பிரிட்டிஷ் எஞ்ஜின்களுக்கு ஐரோப்பிய எஞ்ஜின்களைவிட ஒடுங்கிய உடம்பு. அந்தக் காலத்து மோட்டார் ஹெச்ஓ உடம்புக்குள் நுழைய மறுத்தது. உடம்பைப் பெரிதாக்கினார்கள், தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். சட்டை அப்பா சைஸ், செருப்பு பையன் சைஸ்!

அதே மாணவர்: அப்படியானால் தப்பு எவ்வளவு?

அசலில் தண்டவாள இடைவெளி, அதாவது கேஜ், 1435 மி.மீ. அதை ஓஓ அளவுக்குச் சுருக்கினால் 18.83 மி.மீ. வர வேண்டும். இருப்பதோ 16.5. அசலில் இது ஏழு அங்குலக் குறைவு. முன்னால் நின்று பார்த்தால் எஞ்ஜின் கால்களை ஒடுக்கிக்கொண்டு நிற்பது பளிச்சென்று தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. ஓஓ பிரியர்கள் பக்கவாட்டில்தான் நிற்பார்கள்.

வாசகி, சேலம்: இதைத் திருத்த யாருமே முயலவில்லையா?

முயன்றவர்கள் இருக்கிறார்கள் அம்மா. ஈஎம் கோஷ்டி 18.2 மி.மீ.க்கு வந்தது. பி4 கோஷ்டி 18.83-ஐயே பிடித்துவிட்டது. வாங்கிய எஞ்ஜினின் சக்கரங்களைக் கழற்றி மாற்ற வேண்டும், தடம் பிரியும் பாயின்ட்டுகளைப் பெரும்பாலும் கையாலேயே கட்ட வேண்டும். ஒரு ஸ்டேஷன் முடிவதற்குள் வீட்டில் பிள்ளைகள் கல்யாணத்துக்கு நிற்பார்கள். அந்தப் பொறுமைக்கு என் வணக்கம்.

ரயில்வே ஊழியர், ஈரோடு: விஷயத்துக்கு வாருங்கள். ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் மாடல் துல்லியமா என்று எதை வைத்துச் சொல்வது?

தேதியை வைத்து. "எந்த வருஷத்து எஞ்ஜின் இது?" என்று கேளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

1923 பிப்ரவரியில் டான்காஸ்டர் பணிமனையிலிருந்து வெளியே வந்தபோது அதற்குப் பெயரே கிடையாது, எண் 1472. வடிவமைத்தவர் நைஜல் கிரெஸ்லி. மறு வருஷம் பெயரும் 4472 என்ற எண்ணும் கிடைத்தன. 1928-இல் புது டெண்டர் (கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டி). 1946-இல் ஒரே வருஷத்தில் இரண்டு எண்கள்: முதலில் 502, பிறகு 103. 1947-இல் ஏ1 வகுப்பிலிருந்து ஏ3 வகுப்பாக மாறியது. 1948-இல் 60103. நடுவில் கொஞ்ச காலம் நீலம், பிறகு கரும்பச்சை. 1959-இல் இரட்டைப் புகைபோக்கி. 1961-இல் புகை விலக்கும் தகடுகள்.

இத்தனை முகம் உள்ள எஞ்ஜினில் "அசல் மாதிரியே" என்று பெட்டியில் அச்சடித்தால் போதுமா? தேதி சொல்லாத மாடலுக்குத் துல்லியம் பற்றிப் பேச வாயே கிடையாது.

வாசகர், மதுரை: என் மாடலில் ஆப்பிள் பச்சை நிறம், 4472 எண், இரட்டைப் புகைபோக்கி, புகைத் தகடுகள் எல்லாம் இருக்கின்றன. எல்லாம் சரிதானே?

பெட்டியில் 1930-கள் என்று போட்டிருந்தால் புகைபோக்கியும் தகடுகளும் தப்பு. அதை ஓட்டிய எல்.என்.ஈ.ஆர். கம்பெனி இருந்த காலத்தில் அந்தக் கோலத்தில் அது ஒரு நாளும் ஓடவில்லை. பெட்டியில் 2000-க்குப் பிந்தைய, நினைவுச் சின்னமாகப் பாதுகாத்து ஓட்டும் காலம் என்று போட்டிருந்தால் எல்லாம் சரி. மாடலைத் தொட வேண்டாம், பெட்டியைப் படியுங்கள்!

பொறியாளர், சென்னை: இப்போதுதான் லேசர் ஸ்கேன் வந்துவிட்டதே. அசல் எஞ்ஜினையே ஸ்கேன் செய்து மாடல் பண்ணினால் பிழை எப்படி வரும்?

ஸ்கேனர் பொய் சொல்லாது. ஆனால் இன்றைக்கு எதிரே நிற்பதை மட்டும்தான் சொல்லும். இன்றைக்கு நிற்பது பல முறை பிரித்துக் கோத்த ஏ3. அதை ஸ்கேன் செய்து 1934-ஆம் வருஷத்து எஞ்ஜின் என்று விற்றால், பேரனை அளந்து தாத்தாவுக்குச் சிலை வைத்த கதை.

சரி, பழைய வரைபடம் இருக்கிறதே என்பீர்கள். வரைபடம் பொறியாளர் நினைத்ததைச் சொல்லும், பட்டறையில் ஃபிட்டர் செய்ததைச் சொல்லாது. தேதி குறித்த புகைப்படம்தான் முதல் சாட்சி.

அதே பொறியாளர்: ஏ1-க்கும் ஏ3-க்கும் வித்தியாசம் வெறும் கண்ணுக்குத் தெரியுமா?

தெரியும். புகைப்பெட்டியின் பக்கவாட்டில், மேற்புறமாகப் பாருங்கள். ஏ3 என்றால் இருபுறமும் ஒரு சின்ன மூடி புடைத்துக்கொண்டிருக்கும். நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் அகலமாகிவிட்டதால் வந்த புடைப்பு. உள்ளே பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 180 பவுண்டிலிருந்து 220-க்கு ஏறியது. அத்தனை பெரிய மாற்றத்துக்கும் வெளியே ஒட்டியிருக்கும் அடையாளம் மாடலில் ஒரு மிளகு அளவுகூட இருக்காது. அதைப் பார்த்துச் செய்தவன் கலைஞன்.

ஓவிய ஆசிரியர், தஞ்சாவூர்: அந்த ஆப்பிள் பச்சை சரியான பச்சைதானா என்று ஏன் இத்தனை சண்டை?

பழைய படங்கள் கறுப்பு வெள்ளை. அதிலும் அந்தக் கால ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பே தெரியாது, கறுப்பாக்கிவிடும். காலையில் துடைத்துவிட்ட எஞ்ஜின் ஒரு பச்சை, சாயங்காலம் கரி படிந்து வந்தால் வேறு பச்சை. டியூப் லைட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் மாடலை முதலில் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்க்கட்டும். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

வாசகர், விருதுநகர்: ரிவெட் எண்ணுகிறவர்களைக் கண்டால் எரிச்சலாக இருக்கிறது.

எண்ணட்டுமே! அவர்கள் எண்ணியதால்தான் நேற்றைய மாடலில் பிளாஸ்டிக் கோடாக இருந்த கைப்பிடி இன்றைக்குக் கம்பியாக வருகிறது. ஒன்று மட்டும் சொல்வேன்: ரிவெட்டுக்கு முன் முகத்தைப் பார்க்க வேண்டும். புகைப்பெட்டிக் கதவின் வளைவு பிசகினால், எல்லா ரிவெட்டும் சரியாக இருந்தாலும் அது வேறொரு எஞ்ஜின்.

லேத் பட்டறைக்காரர், அம்பத்தூர்: என்னிடம் வெர்னியர் காலிப்பர் இருக்கிறது. எதை அளக்கட்டும்?

ஆஹா, வாருங்கள்! பெரிய சக்கரத்தின் அசல் விட்டம் 6 அடி 8 அங்குலம். மாடலில் 26.7 மி.மீ. வர வேண்டும். முதல் பெரிய சக்கரத்தின் மையத்திலிருந்து மூன்றாவதன் மையம் வரை அசலில் 14 அடி 6 அங்குலம். மாடலில் 58 மி.மீ.

சக்கரம் அரை மில்லிமீட்டர் குறைந்திருந்தால் கம்பெனியைத் திட்டாதீர்கள். ஃப்ளாஞ்ச் எனும் விளிம்பை மாடலில் ஆழமாக வைத்தால்தான் வண்டி தடம் புரளாது. அடுத்தடுத்த சக்கர மையங்களுக்கு இடையே 29 மி.மீ. அதில் சக்கரம் 26.7. மிச்சம் 2.3. இரண்டு பக்கத்து விளிம்பும் ஆளுக்கு ஒரு மில்லிமீட்டர் தின்றால் நடுவில் 0.3 மி.மீ. காற்று. அதனால் சக்கரத்தைக் கொஞ்சம் சீவுகிறார்கள். தெரிந்தே செய்த தப்பு இது, மன்னிக்கலாம். 58 மட்டும் 57 ஆனால் மன்னிக்காதீர்கள், அதற்குச் சாக்கே கிடையாது.

வாசகர், நாகர்கோவில்: எஞ்ஜினுக்கும் டெண்டருக்கும் நடுவே இவ்வளவு இடைவெளியா? அசலில் இல்லையே.

உங்கள் வளைவின் ஆரம் என்ன? கடையில் கிடைக்கும் 438 மி.மீ. வளைவு என்றால், அசலில் அது 33 மீட்டர். அசல் எஞ்ஜினை அதில் திருப்பினால் டிரைவர் குதித்து ஓடிவிடுவார். குற்றவாளி கம்பெனி அல்ல, உங்கள் மேஜை.

தாயார், திருநெல்வேலி: பையன் எஞ்ஜினைப் பறக்கவிடுகிறான். அசல் வேகம் எவ்வளவு வைக்க வேண்டும்?

1934 நவம்பர் 30 அன்று இந்த எஞ்ஜின் மணிக்கு 100 மைல் தொட்டது. மாடலில் அது விநாடிக்கு 59 செ.மீ. நாலு மீட்டர் மேஜையைக் கடக்க ஏறக்குறைய ஏழு விநாடி. அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் உங்கள் பையன் ஓட்டுவது ரயில் இல்லை, ராக்கெட். (நூறு மைல் தொட்ட அன்று அது ஏ1தான். ஏ3 மாடல் வைத்துக்கொண்டு அந்தச் சாதனையைக் கொண்டாடுகிறவர்கள் கவனிக்க.)

ஓய்வுபெற்ற லோகோ பைலட், அரக்கோணம்: 1928 டெண்டரில் என்ன விசேஷம்? எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரு கேள்வி இருக்கட்டும்.

உங்களுக்காகவே செய்த டெண்டர் ஐயா அது. 1928 மே 1 முதல் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு 632 கிலோமீட்டர், நடுவில் நிற்காமல். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே ஜோடி ஆள் நின்று கரி அள்ள முடியுமா? டெண்டரின் ஓரமாக 18 அங்குல அகலம், 5 அடி உயரத்தில் ஒரு பாதை வைத்தார்கள். பாதி வழியில், ஓடுகிற ரயிலில், பெட்டியில் ஓய்வெடுத்த ஜோடி அந்தச் சந்து வழியாகக் குனிந்து வந்து பொறுப்பேற்கும்.

மாடலில் அந்தச் சந்து 6 மி.மீ. அகலம், 20 மி.மீ. உயரம். டெண்டரின் பின்பக்கம் அந்த வாசல் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். எனக்கு இந்த எஞ்ஜினில் பிடித்த இடமே அதுதான். அதை விட்டுவிட்ட மாடல், எஞ்ஜினைப் பார்த்தது, மனிதனைப் பார்க்கவில்லை.

வாசகர், கரூர்: அந்த லண்டன்–எடின்பரோ பாதையை முழுசாக மாடல் பண்ண முடியுமா?

தாராளமாக. 8.3 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு ஹால் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இசைக் கலைஞர், மயிலாப்பூர்: சத்தம் எழுப்பும் மாடலில் தாளம் சரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்களுக்குத்தான் இது சுலபம். இரண்டு சிலிண்டர் எஞ்ஜினுக்குச் சக்கரம் ஒரு சுற்றுக்கு நான்கு 'சஃப்'. கிரெஸ்லியின் எஞ்ஜினுக்கு மூன்று சிலிண்டர், ஒரு சுற்றுக்கு ஆறு. உங்கள் மாடல் நான்கு போட்டால் அது யாரோ வேறொரு வித்வானின் கச்சேரி.

இயற்பியல் ஆசிரியை, வேலூர்: எடையும் அதே விகிதத்தில் சுருங்கியிருக்கிறதா?

கணக்குப் பாருங்கள் டீச்சர். நீளம் 76 பங்கு குறைந்தால் எடை ஏறக்குறைய 4,42,000 பங்கு குறையும். டெண்டர் இல்லாமல் 97 டன் எஞ்ஜின் 220 கிராம் ஆகிவிடும். அந்த எடையில் நீளமான ரயிலை இழுக்கச் சொன்னால் சக்கரம் வழுக்கும். ஆகவே உள்ளே கூடுதலாக உலோகம் வைக்கிறார்கள். வடிவம் சுருங்கும், இயற்பியல் சுருங்காது.

வாசகர், திருப்பூர்: விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது!

1963-இல் ஆலன் பெக்லர் என்பவர் அசல் எஞ்ஜினையே 3,000 பவுண்டுக்கு வாங்கினார். அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார், கடைசியில் திவாலானார். மாடலோடு நிறுத்திக்கொண்டவர்கள் புத்திசாலிகள்.

வாசகர், குன்னூர்: நம் ஊர் எஞ்ஜின்களை மாடல் பண்ணினால் துல்லியம் வருமா?

அகலப்பாதை எஞ்ஜின் என்றால் சிக்கல். 1676 மி.மீ. கேஜை ஹெச்ஓ அளவில் சுருக்கினால் 19.2 வர வேண்டும். கடைத் தண்டவாளமோ 16.5. ஆனால் உங்கள் நீலகிரி மலை ரயில் கொடுத்து வைத்தது. மீட்டர் கேஜ் ஹெச்ஓவில் 11.5 மி.மீ. சுவிஸ் மலை ரயில்களுக்காகவே 12 மி.மீ. தண்டவாளம் கடையில் கிடைக்கிறது. அரை மில்லிமீட்டர்தான் பிசகு. உங்கள் பழைய 'எக்ஸ்' வகுப்பு எஞ்ஜின்களும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரிலிருந்து வந்தவைதான். ஓஓ பிரியர்கள் பார்த்துப் பொறாமைப்படட்டும்!

தகப்பனார், கடலூர்: எட்டு வயதுப் பெண்ணுக்கு முதல் ரயில் வாங்க வேண்டும். எவ்வளவு துல்லியம் பார்க்கலாம்?

கீழே விழுந்தால் உடையாத அளவுக்கு. கம்பிக் கைப்பிடி பதினைந்து வயதில் வரட்டும்.

வாசகர், விழுப்புரம்: எங்கள் மீட்டர் கேஜ் ரயில்களை யாராவது துல்லியமாக மாடல் பண்ணுவார்களா?

பண்ணுவார்கள், நீங்கள் சாட்சி கொடுத்தால். கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 1931-இல் தொடங்கி 2004-இல் நின்றது. நீராவிக் காலத்து ஒய்பி எஞ்ஜின்கள் அதற்கு முன்பே போய்விட்டன. அவற்றின் படங்கள் உங்கள் வீட்டுப் பீரோவில், கல்யாண ஆல்பத்தின் ஓரத்தில், பிளாட்பாரத்தில் எடுத்த குடும்பப் படத்தின் பின்னணியில் இருக்கும். இன்றைக்கே எடுங்கள். பின்பக்கம் பென்சிலால் ஊர், தேதி, எஞ்ஜின் எண் மூன்றையும் எழுதுங்கள். தேதி நினைவில்லை என்றால், நினைவுள்ள பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.