மூன்று விரல் பயிற்சி

நெய்வேலிக்காரர்களுக்குத் தோண்டுவது புதிதல்ல. 1957-இல் நேரு தொடங்கி வைத்த சுரங்கத்தில், 1961-இல் பழுப்பு நிலக்கரி முகம் காட்டும்வரை மண்ணை அள்ளிக்கொண்டே இருந்த ஊர். ஆனால் மனுசனை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், ராட்சத இயந்திரமே வந்தாலும் கஷ்டம்.

டவுன்ஷிப்பில் ஒரு மண்டபம். செவிலியர்களுக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் தலை, கழுத்துப் புற்றுநோய்ப் பயிற்சி. எனக்கும் அழைப்பு (ஏனென்று இன்றுவரை புரியவில்லை). வாசலில் சந்தனம், கல்கண்டு, வெற்றிலை பாக்கு. திரையில் முதல் படமே பாக்கு! புகையிலை கலக்காவிட்டாலும் அது புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2004-இலேயே அறிக்கை போட்டுவிட்டதாம். தாம்பூலத் தட்டு சத்தமில்லாமல் மேசைக்கு அடியில் போனது.

அப்புறம் செய்முறை. அவரவர் மூன்று விரலை நெட்டுக்குத்தாக அடுக்கி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே விட வேண்டும். நுழையவில்லையென்றால் பாக்கு வாயை இறுக்க ஆரம்பித்திருக்கலாம். இரண்டு வாரம் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, விடாத குரல் கரகரப்பு, கழுத்துக் கட்டி என்றால் உடனே மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும்.

"மைக்செட் அண்ணே, ஆ காட்டுங்க" என்றார் ஒரு நர்ஸம்மா, டார்ச்சோடு. இரண்டு விரலோடு நின்றுவிட்டது.

"பல்வலிம்மா" என்றார் அவர், இடது கன்னத்தில் எதையோ ஒதுக்கியபடி. 2013-இல் தமிழ்நாடு குட்காவைத் தடை செய்தது. அந்தக் கன்னத்துக்குத் தகவல் போகவில்லை போலும்.

நர்ஸம்மா விடவில்லை. பரிந்துரைச் சீட்டு எழுதி அவர் சட்டைப் பையில் செருகினார். உள்ளே போகவில்லை. ஏற்கெனவே அங்கே நாலு பொட்டலம்.