காதல் பாட்டா, ராஜினாமாக் கடிதமா?

கே: 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' விட்னி ஹூஸ்டன் பாட்டுதானே? அதைப் போய் கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசை) பாட்டு என்கிறார்களே?

ப: வளர்த்தவர் விட்னி, பெற்றவர் டாலி பார்ட்டன். டென்னஸி மலைப்பக்கத்து ஏழைக் குடும்பத்தில் 12 பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தவர். தானே எழுதி, தானே மெட்டமைத்து, 1973 ஜூனில் நாஷ்வில் நகரில் பாடிப் பதிவு செய்தார். மறு ஆண்டு அது கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்கு வந்தபோது விட்னிக்கு வயது 10.

கே: யாரை நினைத்து உருகி எழுதினார்? கணவரையா?

ப: முதலாளியை! போர்ட்டர் வேகனர் என்ற கன்ட்ரி பாடகர் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்திவந்தார். 1967-ல் டாலியை அதில் சேர்த்துக்கொண்டு ஊரறியச் செய்தவர் அவர்தான். சில ஆண்டுகளில் டாலிக்குத் தனியாகப் பாடவேண்டும் என்ற ஆசை. போர்ட்டருக்கோ விட மனமில்லை. தினமும் வாக்குவாதம். பேசினால் சண்டைதான் வருகிறது என்று வீட்டுக்குப் போய் இந்தப் பாட்டை எழுதி, மறுநாள் அவர் அறையில் கிட்டாரோடு நின்று பாடிக்காட்டினார். போர்ட்டர் அழுதுவிட்டார். "நீ எழுதியதிலேயே இதுதான் சிறந்தது. போய் வா. ஆனால் இந்தப் பதிவை நான்தான் தயாரிப்பேன்" என்கிற மாதிரி அவர் சொன்னதாக டாலி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இதைவிட அழகான ராஜினாமாக் கடிதத்தை நான் கேட்டதில்லை.

கே: அப்புறம் இருவரும் சுமுகமாக இருந்தார்களா?

ப: இல்லை. 1979-ல் போர்ட்டர் வழக்கே போட்டார். நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். மனக்கசப்பும் ஆறியது. 2007-ல் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் போர்ட்டரின் பொன்விழா. அங்கே அவருக்காக டாலி இதே பாட்டைப் பாடினார். அந்த ஆண்டே போர்ட்டர் காலமானார்.

கே: எல்விஸ் பிரெஸ்லி கேட்டும் டாலி கொடுக்கவில்லையாமே? அவ்வளவு கர்வமா?

ப: கர்வம் இல்லை ஐயா, கணக்கு. எல்விஸ் பாடப்போகிறார் என்றதும் டாலிக்குத் தலைகால் புரியவில்லை. கடைசி நேரத்தில் எல்விஸின் மேலாளர் கர்னல் டாம் பார்க்கர், பாட்டின் பதிப்புரிமையில் பாதி வேண்டும் என்றார். எல்விஸ் பாடுகிற பாட்டென்றால் அப்படிக் கேட்பது அவர் வழக்கம். டாலி மறுத்துவிட்டு இரவெல்லாம் அழுதாராம். எழுதியவரின் உழைப்புக்கு அரசரே வந்து கேட்டாலும் பாதி பங்கு கிடையாது என்று அழுதுகொண்டேனும் சொல்லத் தெரிந்தவர் டாலி. பின்னாளில் விட்னி பாடி உலகமே வாங்கியபோது, பாட்டாசிரியருக்குரிய ராயல்டி முழுதாக அவர் கைக்கு வந்தது. பாட்டெழுதும் பிள்ளைகள் யாராவது வீட்டில் இருந்தால் இந்த ஒரு பதிலை மட்டும் வெட்டி ஒட்டிவையுங்கள்.

கே: டாலிக்கும் விட்னிக்கும் நடுவில் வேறு யாரும் பாடவில்லையா?

ப: 1975-ல் லிண்டா ரான்ஸ்டாட் பாடினார். ஒரு சரணத்தை விட்டுவிட்டார். 1982-ல் ஒரு படத்துக்காக டாலியே மறுபடி பாட, மறுபடியும் கன்ட்ரி பட்டியலில் முதலிடம்!

கே: விட்னி எப்படி வந்தார்?

ப: 1992, 'தி பாடிகார்ட்' படம். முதலில் தேர்ந்திருந்த பாட்டை வேறொரு படம் முந்திக்கொண்டது. நாயகன் கெவின் காஸ்ட்னர் இந்தப் பாட்டைச் சொன்னார். இசைத் தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் கையில் கிடைத்தது லிண்டாவின் பதிவு. டாலியிடம் பேசியபோதுதான் ஒரு சரணம் விடுபட்டிருப்பதே தெரிந்தது. அவர் போனிலேயே அதைச் சொல்லிக்கொடுத்தார்.

தொடக்கத்தில் வாத்தியமே கூடாது என்று பிடிவாதம் பிடித்தவரும் காஸ்ட்னர்தான். கேட்டுப் பாருங்கள்: முக்கால் நிமிடத்துக்கு ஒரு குரல் மட்டும். விட்னி மூச்சு இழுப்பதுகூடக் காதில் விழும். பிறகு மெல்ல இசை சேர்ந்து, சாக்ஸபோனும் கடைசிச் சரணமும் முடிந்து, ஒரு கணம் எல்லாம் நின்று, டிரம் ஒற்றை அடி விழுந்ததும் சுருதியே மேலே ஏறி குரல் வெடிக்கும். எத்தனையோ முறை கேட்டும் அந்த இடத்தில் எனக்குச் சிலிர்க்காமல் இருந்ததில்லை. அமெரிக்கப் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது நியாயம்தான். காரில் போகையில் வானொலியில் முதன்முதலாகக் கேட்ட டாலி, வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டாராம்.

கே: கல்யாண வரவேற்பில் இந்தப் பாட்டைப் போடலாமா?

ப: நாயகி நாயகனைப் பிரிந்து போகிற பாட்டு அது. மாப்பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் போடலாம்!

கே: மழுப்பாமல் சொல்லுங்கள், எது சிறந்த பதிவு?

ப: டாலி 1974-ல் வெளியிட்டது. மூன்று நிமிடம்கூட இல்லை. விட்னி குரலை உயர்த்திப் பாடிய கடைசிச் சரணத்தை டாலி பாடுவதே இல்லை, பேசுகிறார். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் "நல்லா இருங்க" என்று சொல்லிக் கிளம்புகிற குரல். விட்னி பாடும்போது அவர் குரலை வியக்கிறோம். டாலி பேசும்போது போகிறவளை நினைத்துத் தொண்டை அடைக்கிறது. பிரிவுப் பாட்டுக்கு அதுதான் வேண்டும். விட்னியை மட்டுமே கேட்டிருக்கும் நண்பர்களே, இன்றிரவே டாலியைத் தேடிக் கேளுங்கள். கேட்டுவிட்டு என் தீர்ப்பு தவறென்று தோன்றினால் தாராளமாக எழுதுங்கள், அடுத்த இதழில் வாதாடுவோம்.